ஊசியும் போட்டோம், விருந்துக்கும் போனோம்

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியவை: கோவிட் ஊசி போட்ட பிறகும் விருந்துக்குப் போய் நோய் வாங்கி வருவது. அதனால் இந்த முறை சர்க்கரை, முழங்கால் வலி கேள்விகளைத் தள்ளி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

டாக்டரம்மா, எங்கள் அக்கா மகள் நிச்சயதார்த்தம் ஏர்கோன் மண்டபத்தில் நடந்தது. குடும்பத்தில் சித்தப்பா ஒருவரைத் தவிர எல்லோரும் மூன்று ஊசி போட்டவர்கள். நான்கு நாளுக்குள் 9 பேருக்கு கோவிட். "ஊசி போட்டவனுக்குத்தான் வருது, போடாத உன் சித்தப்பாவுக்கு வரல பார்" என்று மாமியார் தினமும் குத்திக் காட்டுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
*– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்*

முதலில் மாமியாருக்கு. அந்த மண்டபத்துக்கு வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் பட்டுப்புடவை கட்டியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த பெண்களிலும் முக்கால்வாசிப் பேர் பட்டுப்புடவைக்காரிகளாகத்தான் இருப்பார்கள். அதற்காகப் பட்டு கட்டினால் கோவிட் வரும் என்று சொல்வோமா? வந்தவர்களில் கிட்டத்தட்ட அத்தனை பேரும் ஊசி போட்டவர்கள் என்றால், நோய் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். சித்தப்பா ஒரே ஆள். ஒரே ஆளை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. அவர் அன்றைக்கு எங்கே உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் விசாரித்துப் பாருங்கள். எனக்கும் ஒரு சித்தப்பா இருக்கிறார். எந்தக் கல்யாணத்திலும் மாலை மாற்றி முடிந்ததும் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார், சிகரெட் பிடிக்க. சாப்பாட்டுக்குத்தான் உள்ளே வருவார். சிகரெட்டை நான் ஆதரிக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தை ஆதரிக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் குடும்பத்துக்கு நடந்தது புதுமை இல்லை. நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் 2021 நவம்பர் 26ஆம் தேதி ஒரு கம்பெனியின் கிறிஸ்துமஸ் விருந்து நடந்தது. உணவகத்தின் தனி அறை, நூற்றுச் சொச்சம் பேர், கிட்டத்தட்ட எல்லோருக்கும் இரண்டு ஊசி ஆகியிருந்தது. ஒமிக்ரோன் அப்போதுதான் உலகத்துக்கு அறிமுகமாகிக்கொண்டிருந்த நேரம். பிறகு விசாரித்தபோது, பதில் சொன்ன 110 பேரில் 81 பேருக்கு நோய். நான்கு பேர் உட்கார்ந்த இடத்தில் மூன்று பேருக்கு வந்தது மாதிரி. அதே குளிர்காலத்தில் பரோயே தீவுகளில் 33 சுகாதாரப் பணியாளர்கள் கூடிய ஒரு விருந்தில் 21 பேருக்கு வந்தது. அத்தனை பேரும் மூன்று ஊசி போட்டவர்கள், அதுவும் என்னைப் போல ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற கூட்டம்.

ஆனால் கதையின் மறுபாதியையும் மாமியாருக்குச் சொல்லுங்கள். ஓஸ்லோவில் அந்த 81 பேரில், ஆய்வு எழுதப்பட்ட நாள் வரை, ஒருவரும் ஆஸ்பத்திரியில் சேரவில்லை. அதற்கு முந்திய வருடம் மார்ச்சில், ஊசியே இல்லாத காலத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் கூடிப் பாட்டுப் பயிற்சி செய்தார்கள். இரண்டரை மணி நேரம். 52 பேருக்கு நோய் தொற்றியது, அல்லது தொற்றியதாகக் கருதப்பட்டது. அவர்களில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அவர்கள் வயதில் மூத்தவர்கள், கிருமியும் பழைய வகை. அதனால் இரண்டையும் தராசில் வைத்து எடை போட முடியாது. ஆனாலும் நோய் வருவது ஒன்று, அது எங்கே போய் முடிகிறது என்பது வேறொன்று.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பினாங்கின் பழைய கடை வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் அஞ்சடி (கடை வாசலை ஒட்டிய நடைபாதை), நடுவில் கூடம், கடைசியில் நகை அலமாரி இருக்கிற உள் அறை. கையில் போடுகிற ஊசி, காவலாளியை உள் அறையில் உட்கார வைக்கிறது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி நிறைய உண்டாகிறது. மூக்கின் ஈரச் சவ்வில், அதாவது அஞ்சடியில், அவ்வளவாக உண்டாவதில்லை. ஊசி போட்ட சில வாரங்களுக்கு ரத்தத்தில் இருப்பது வழிந்து மூக்கு வரைக்கும் வரும், அப்போது அங்கேயும் நல்ல பாதுகாப்பு. மாதங்கள் போகப் போக அது வற்றிவிடுகிறது. போதாக்குறைக்கு, கிருமியும் சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது. ஆக, திருடன் அஞ்சடியில் நிற்கிற சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதுதான் சளி, காய்ச்சல், தொண்டை வலி. உள்ளே காவலாளி எழுந்து வருவதற்கு நாலைந்து நாள் ஆகும். நுரையீரல் என்கிற அலமாரிக்குத் திருடன் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் எழுந்துவிடுகிறார். அவர் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை என்று மாமியார் சொல்வது சைக்கிளை மட்டும் பார்த்து.

சரி, ஊசி போட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை. ஏன்? இதற்கு என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கத்தோடு.

2022 ஜூலையில் கோலாலம்பூரில் அண்ணன் மகன் கல்யாண விருந்து. மண்டபத்துக்குள் முகக்கவசம் போட வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. செப்டம்பர் 7ஆம் தேதிதான் அதை எடுத்தார்கள். நானும் போட்டுக்கொண்டுதான் போனேன். சூப் வந்தது. கழற்றினேன். கழற்றியதைக் கைப்பைக்குள் வைத்தேன். அப்புறம் அது வீட்டில்தான் வெளியே வந்தது. மேசைக்குப் பத்துப் பேர், எனக்குப் பின்னால் ஆள் உயர ஸ்பீக்கர். பக்கத்தில் ஈப்போவிலிருந்து வந்த பெரியப்பா, அவருக்குக் காது மந்தம். டிஜேக்காரர் உறுமி மேளத்தையும் சினிமாப் பாட்டையும் கலந்து போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் பெரியப்பா காதோரம் வாயை வைத்து இரண்டு மணி நேரம் கத்தினேன். அவரும் என் காதோரம் கத்தினார். மூன்றாம் நாள் எனக்குத் தொண்டை கரகரத்தது. அவருக்கு இரண்டாம் நாளே.

கிளினிக்கை மூடிவிட்டு வீட்டில் படுத்திருந்தபோது வேலை இல்லாமல் ஒவ்வொருவராக போன் போட்டுக் கேட்டேன். எங்கள் மேசையில் பத்துக்கு ஏழு பேர். ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசையில் ஆறு பேர். வாசலுக்குப் பக்கத்தில், பரிமாறுகிறவர்கள் வந்து போவதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்களே, அங்கிருந்த மேசையில் ஒருவர் மட்டும். இது ஆய்வு இல்லை, காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு டாக்டரின் வம்பு விசாரணை. ஆனாலும் மற்ற இடங்களில் முறையாகச் செய்த விசாரணைகள் சொல்வதும் இதையேதான். மூடிய அறை, நீண்ட நேரம், உரத்த குரல், நெருங்கிய முகம். ஊசி எத்தனை போட்டோம் என்பதற்குப் பிறகு தீர்மானிப்பது இந்த நாலும்தான்.

குரல் விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சும்மா மூச்சு விடும்போது வெளியே வருகிற நுண்ணிய துளிகள் கொஞ்சம். பேசும்போது கூடும். குரல் உயர உயர இன்னும் கூடும். பாடுவதும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளிகள் உடனே கீழே விழுவதில்லை, ஊதுபத்திப் புகை மாதிரி மிதந்துகொண்டிருக்கும். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினால் இருநூறு பேரும் குரலைக் கூட்டுவார்கள். டிஜேக்காரருக்கு இது தெரியாது, பாவம்.

அடுத்தது ஏர்கோன். குளிராக இருந்தால் காற்று சுத்தமாக இருக்கிறது என்று நம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை. சுவரில் மாட்டுகிற ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கிற அதே காற்றை இழுத்து, குளிர வைத்து, திரும்பத் தள்ளுகிறது. 2020 சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் சீனாவின் குவாங்சோ நகரில் ஓர் உணவகத்தில், ஒரே ஏர்கோன் காற்று சுற்றிய மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்கு நோய் வந்தது. அதே மாடியில் சாப்பிட்ட மற்ற மேசைக்காரர்களுக்கு வரவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இணையத்தில் ஒரு சின்னக் கருவி வாங்கினேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று காட்டும். அந்த வாயு நோய் தராது. ஆனால் அறைக்குள் அது மனிதர்களின் மூச்சிலிருந்துதான் வருகிறது. அதனால் அது ஏற ஏற, நாம் அடுத்தவர் மூச்சை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். திறந்த வெளியில் பத்து லட்சத்தில் 420 பங்கு போல இருக்கும். போன வருடம் பட்டர்வொர்த்தில் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு அதைக் கைப்பையில் கொண்டு போனேன். ஆறரை மணிக்கு, நாற்காலிகள் காலியாக இருக்கும்போது 640. கேக் வெட்டும்போது 1,400. ஒன்பது மணிக்கு, ஆட்டம் களைகட்டியபோது 2,300. அப்படியென்றால் நான் இழுத்த ஒவ்வொரு 20 மூச்சிலும் ஏறத்தாழ ஒரு மூச்சு, ஏற்கெனவே யாரோ விட்ட மூச்சு. பக்கத்தில் இருந்த என் கணவரிடம் காட்டினேன். "பிரியாணி வரட்டும், அப்புறம் போகலாம்" என்றார். பின்பக்கக் கதவு இரண்டையும் திறந்து வைக்கச் சொன்னேன். மண்டபக்காரப் பையன் முணுமுணுத்துக்கொண்டே திறந்தான். கால் மணி நேரத்தில் 1,100க்கு இறங்கியது. பிரியாணியும் வந்தது.

சித்தப்பாவின் கார் நிறுத்துமிடம் இப்போது புரிந்திருக்கும்.

அப்பாவின் வருடத் திதி வருகிறது. ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில்தான் செய்கிறோம். 78 வயது அத்தை வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறார், ஊசியெல்லாம் போட்டிருக்கிறார். கூப்பிட்டால் பயமாக இருக்கிறது, கூப்பிடாவிட்டால் காலம் பூராவும் சொல்லிக் காட்டுவார். என்ன செய்வது?
*– வாசகர், ஜெலுத்தோங்*

கூப்பிடுங்கள் தம்பி. அண்ணன் திதிக்குத் தங்கையைக் கூப்பிடாமல் இருப்பது கோவிட்டை விட நீண்ட வியாதி.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், இவர்கள் உடம்பு ஊசிக்குக் கொடுக்கிற பதில் மற்றவர்களை விடச் சன்னமாக இருக்கும், சீக்கிரம் மங்கியும் போகும். நான்கு ஊசி போட்ட அத்தையும் நான்கு ஊசி போட்ட நீங்களும் ஒன்றில்லை. நான் முன்னால் சொன்ன உள் அறைக் காவலாளியே அத்தைக்கு அரைத் தூக்கத்தில் இருக்கலாம்.

ஜெலுத்தோங் வீடென்றால் முன்னால் கார் நிறுத்துகிற இடம் இருக்குமே, அங்கே கூடாரம் போட்டு இலை போடுங்கள். படையல் உள்ளே நடக்கட்டும், பந்தி வெளியே. அத்தையை முதல் பந்தியில், நாலு பேரோடு, காற்று வருகிற பக்கமாக உட்கார வையுங்கள். பெரியவர் என்று மரியாதை செய்த மாதிரியும் இருக்கும், அவருக்குச் சந்தேகமும் வராது. படையலுக்கு உள்ளே வரும்போது என்-95 கவசம் போட்டுக்கொள்ளட்டும், மூக்கோடு ஒட்டி உட்காருகிற மாதிரி. துணிக் கவசம் இந்த வேலைக்கு ஆகாது. சன்னல் திறந்து, மேசை விசிறி ஒன்றை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். உள்ளிருக்கிற காற்று வெளியே போனால் புதுக் காற்று தானே வரும்.

இதையெல்லாம் விட முக்கியமானது முதல் நாள் இரவு குடும்ப வாட்ஸ்அப்பில் நீங்கள் போட வேண்டிய ஒரு வரி: "தொண்டை கரகரப்பு, மூக்கொழுகல் உள்ளவர்கள் தயவுசெய்து வர வேண்டாம், சாப்பாடு வீட்டுக்கு வரும்." கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் இருமிக்கொண்டே வருவதற்குப் பாதிக் காரணம், வராவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்பது. மீதிப் பாதி வடை பாயசம்.

அத்தைக்கு அப்புறம் காய்ச்சல் கண்டால் காத்திருக்கக் கூடாது. கோவிட்டுக்கு பாக்ஸ்லோவிட் என்று மாத்திரை இருக்கிறது, அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் டயாலிசிஸ் செய்பவருக்கு அதன் கணக்கே வேறு. கொழுப்பு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சிலவற்றோடு அது மோதவும் மோதும். ஆகவே திதிக்கு முன்பே அத்தையின் டயாலிசிஸ் டாக்டரிடம், "ஒருவேளை வந்தால் என்ன செய்வது?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் டயாலிசிஸ் மையத்துக்குப் போவதற்கு முன் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். அங்கே அவரைப் போலவே பலவீனமானவர்கள் வரிசையாக நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார்கள்.

காலையில் டெஸ்ட் செய்தேன், நெகட்டிவ். இரவு மச்சான் வீட்டு விருந்துக்குப் போனேன். இரண்டு நாள் கழித்து எனக்குப் பாசிட்டிவ், அப்புறம் அங்கே நாலு பேருக்கு. இப்போது "நீதான் கொண்டு வந்தாய்" என்று மச்சான் பேசுவதில்லை. டெஸ்ட் கிட் பொய்யா?
*– வாசகர், செந்தூல்*

கிட் பொய் சொல்லவில்லை. காலையில் உங்கள் மூக்கில் இருந்ததைச் சொன்னது. இரவுக்கு அது ஜோசியம் சொல்லாது.

மூக்கில் கிருமி ஓரளவு பெருகினால்தான் அந்த இரண்டாவது கோடு விழும். ஆரம்பத்தில் விழாது. ஒமிக்ரோன் வகைகள் தொற்றிய நாளிலிருந்து மூன்று நாள் போல ஆகும் அறிகுறி காட்ட. அறிகுறிக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கலாம். காலை எட்டு மணிக்கு நெகட்டிவாக இருந்தவர் இரவு எட்டு மணிக்கு நன்றாகவே பரப்புகிறவராக இருக்க முடியும். ஊசி போட்டவர்களிடம் இன்னொரு விசேஷம்: உடம்பு சீக்கிரம் விழித்துக்கொள்வதால் தொண்டை வலி முதலில் வந்துவிடுகிறது, கோடு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் விழுகிறது. "வலிக்கிறது, ஆனால் நெகட்டிவ், அதனால் வெறும் சளி" என்று போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

2021 ஜூலையில் இந்த கிட் கடைக்கு வந்தபோது 39 வெள்ளி 90 காசு. அப்புறம் செப்டம்பரில் அரசாங்கம் 19.90க்கு மேல் விற்கக் கூடாது என்றது. இப்போது எவ்வளவோ மலிவு. அதனால் கிளம்புகிற நேரத்தில் ஒன்று செய்யுங்கள், காலையில் வேண்டாம். அறிகுறி இருந்தால் இரண்டு நாள் விட்டு மறுபடியும் செய்யுங்கள். இரண்டாவது நெகட்டிவ் வரும் வரை யார் வீட்டுக்கும் போகாதீர்கள்.

மச்சான் விஷயம். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. உங்களுக்கு இரண்டு நாளில் வந்தது என்றால் நீங்களே அந்த விருந்தில் வாங்கியிருக்கலாம். முதலில் இருமியவர்தான் கொண்டு வந்தவர் என்று சொல்ல முடியாது, அறிகுறியே இல்லாமல் பரப்புகிறவர்களும் உண்டு. இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். கேட்காவிட்டால் தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு போய் நில்லுங்கள். வாசல் கேட்டுக்கு வெளியே, திறந்த வெளியில்.

தட்டம்மைக்குக் குழந்தையில் போட்ட ஊசி ஆயுளுக்கும் நிற்கிறது. இதற்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப?
*– ஓய்வு பெற்ற ஆசிரியை, நிபோங் திபால்*

நல்ல கேள்வி டீச்சர். தட்டம்மைக் கிருமி மூக்கு வழியாக வந்தாலும், ரத்தத்தில் இறங்கி உடம்பெல்லாம் சுற்றித்தான் நோய் உண்டாக்கும். அதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அந்தப் பத்து நாள் உள் அறைக் காவலாளிக்கு எழுந்து, முகம் கழுவி, காப்பி குடித்துவிட்டு வரப் போதும். கிருமியும் தன் முகத்தை மாற்றிக்கொள்வதில்லை. நம் மலேசியாவில் 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடுகிற எம்.எம்.ஆர். ஊசி அதனால்தான் அவ்வளவு காலம் தாங்குகிறது. கோவிட்டும் ஃப்ளூவும் மூன்று நாளுக்குள் மூக்கிலேயே வேலையை முடித்துக்கொள்கிற ரகம், முகத்தையும் மாற்றும். உங்கள் வயதுக்கு இரண்டு ஊசியைப் பற்றியும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டாயம் கேளுங்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை.

விருந்து வாசலில் கைக்கு ஜெல் கொடுக்கிறோம். போதுமா?
*– மண்டபச் சமையல்காரர், பிறை*

கோவிட்டுக்கு அது சின்ன உதவி, காற்றுதான் பெரியது. ஆனால் உங்கள் தொழிலில் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ கிருமி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும். கை கழுவுகிற தொட்டியில் சோப்பு தீர்ந்துபோய்ப் பாதிப் பந்தி நடந்த கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பையனை அதற்கென்றே நிறுத்துங்கள்.

மிளகு ரசமும் நிலவேம்பும் குடித்துவிட்டுப் போனால் தொற்றாதா?
*– வாசகி, கிள்ளான்*

ரசம் குடியுங்கள், நன்றாக இருக்கும். தொற்றும்.

அந்தக் கரியமில வாயுக் கருவி என்ன விலை? போன முறை கிளினிக்கில் பார்த்தேன்.
*– வாசகர், பட்டர்வொர்த்*

நான் வாங்கியது நூற்றைம்பது வெள்ளிக்குப் பக்கம். மலிவாக முப்பது நாற்பது வெள்ளிக்கு விற்பவற்றில் சில, கரியமில வாயுவை அளக்காமல் வேறு எதையோ அளந்து எண் காட்டுகின்றன. வாங்கியதும் முதலில் வீட்டு வாசலில் வைத்துப் பாருங்கள். 400, 450 என்று காட்டினால் சரி. பிறகு அதன் மேல் வாயை வைத்து ஊதுங்கள், எண் பாய்ந்து ஏற வேண்டும். ஏறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். என்னுடையது இப்போது என் பேரன் கையில் இருக்கிறது. கதவை மூடிக்கொண்டு தூங்குகிற அவனுடைய அறையில் விடியற்காலை 1,900 காட்டியதாம்.